முன்னுரை ஐந்தாம் பக்கம்

நிஷ் நகரத்தில் கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ரதோய்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆணோ பெண்ணோ, யார் வந்தாலும் அவளுக்கு ‘மகனே’தான். மூடிப்போன தொழிற்சாலை ஒன்றில் இருபது வருடம் டைப் அடித்தவள். கணினியைத் திட்டித் திட்டியே கற்றுக்கொண்டாள். பேராசிரியர்களின் ஆய்வேடுகளுக்கும் பக்க எண் போட்டுக் கொடுத்தவள் அவள்தான். இது அந்தப் பேராசிரியர்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

அன்று காலை பஸ் டிரைவர் மிலுட்டின் பென்டிரைவோடு ஓடி வந்தான். இருபத்தாறு வருடமாகப் படித்துக்கொண்டிருந்தான். பழைய பாடத்திட்டக்காரர்கள் ஆய்வேடு கொடுக்க அன்று மதியம் பன்னிரண்டு மணி வரைதான் கெடு. தப்பினால் பெயரையே அடித்துவிடுவார்கள்.

“அக்கா, நேத்து திருப்பிக் கொடுத்துட்டாங்க. மார்ஜின் சரியில்லையாம். பக்க நம்பரும் தப்பாம்.”

ரதோய்கா மார்ஜினைத் திருத்தினாள். திரையில் கூத்து ஆரம்பித்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என்டரைத் தட்டித் தட்டி, எண்ணைத் தன் கையாலேயே அடித்திருந்தான் அந்தப் புண்ணியவான். வரிகள் நகர்ந்ததும் எண்களெல்லாம் மேலே ஏறி, வாக்கியங்களுக்கு நடுவே சீட்டுப் பிடித்து உட்கார்ந்துகொண்டன. ‘பேருந்தின் டயர் 37 தேய்மானம்’ என்றது ஒரு வரி.

“தொண்ணூத்தொரு நம்பரையும் நீயேவா அடிச்ச?”

“மெஷினை நம்ப முடியாது அக்கா.”

“உன்னை நம்பி ஊரே பஸ் ஏறுதே, அதைச் சொல்லு மகனே!”

எல்லா எண்ணையும் அழித்தாள். முன்னுரைக்கு முன்னால் ஃபைலை இரண்டு பகுதியாக வெட்டினாள். இரண்டாம் பகுதிக்கு முதல் பகுதியோடு இருந்த இணைப்பைத் துண்டித்தாள். முதல் பகுதியில் எண் தெரியாது. முன்னுரையில் 5 என்று தெரியும். கல்லூரி விதி அதுதான்.

மிலுட்டின் திரையில் இரண்டாம் பக்கத்தை, சமர்ப்பணத்தைத் தொட்டான். ‘யகோதாவுக்கு’ என்று ஒரே ஒரு சொல். போன மாசி மாதம் இறந்துபோன மனைவி.

“இதுல மட்டும் ஒரு நம்பர் போடுங்க அக்கா. அவளை வெளியே நிறுத்தின மாதிரி இருக்கு.”

“போட்டா மறுபடியும் திருப்பிடுவாங்க.”

“அப்ப நான் கொடுக்கவே மாட்டேன்.” பென்டிரைவைப் பிடுங்கப் போனான்.

மணி பத்தரை. ரதோய்கா அவன் கையில் ஒன்று போட்டாள்.

“மண்டையில என்ன, டீசலா? முகப்பு ஒண்ணு. யகோதா ரெண்டு. பொருளடக்கம் மூணும் நாலும். முன்னுரை அஞ்சு. அவளை எடுத்துட்டா முன்னுரை நாலாயிடும். அவளைச் சேர்த்து எண்ணினதாலதான்டா அஞ்சு!”

மிலுட்டின் விரலை மடக்கி இரண்டு முறை எண்ணிப் பார்த்தான். பிறகு பென்டிரைவிலிருந்து கையை எடுத்தான்.

அச்சடித்து, அட்டை போட்டு, கடைக்குள் போடும் செருப்பை மாற்றக்கூட நேரமில்லாமல் ரதோய்காவும் அவனோடு ஓடினாள். கல்லூரி அலுவலகக் கவுண்டரில் குமாஸ்தா விதோசவா. கட்டைவிரலை நனைத்துப் புரட்டினாள்.

“இந்த சமர்ப்பணம் கணக்குல இருக்கா?”

ரதோய்கா வாய் திறப்பதற்குள் மிலுட்டின் சொன்னான். “இருக்கு மேடம். அது ரெண்டாம் பக்கம்.”

முத்திரை விழுந்தது. பன்னிரண்டுக்கு இன்னும் நான்கு நிமிடம்.

“அழறதா இருந்தா வெளிய போய் அழு மகனே,” என்றாள் ரதோய்கா. “முத்திரை மை இன்னும் காயலை.”