உருவிய கத்தி

என் அண்ணன் தைஸ்தோ மரம் அறுக்கும் ஆலையில் இருபத்தைந்து வருடம் மாடாய் உழைத்தவன். கல்யாணம் இல்லை, குடி இல்லை. கத்திக்குப் பேர்போன எங்கள் கௌஹவா ஊரில் இடுப்பில் கத்தி இல்லாமல் காட்டுக்குப் போகும் ஆண்பிள்ளை அவன் ஒருவன்தான்.

பதினாறு வயதில் அவன் ஒரு கொலை செய்தான். ஏரிக்கரை ஆட்டக்கொட்டகையில் ஒலவி என்பவன், "உனக்கெல்லாம் எதுக்குடா ஆட்டம்? போய்ப் பால் குடி" என்றான். அந்த ஒரு பேச்சுக்காக அவன் வயிற்றில் கத்தியை இறக்கினான், மடையன்! ஒலவி தன் அண்ணன் ரெய்னோவின் மடியில் சாய்ந்தான். பெண்கள் நிற்கும் பக்கத்திலிருந்து நான் ஓடி வருவதற்குள் தைஸ்தோ கத்தியை உருவிவிட்டான். ரத்தம் பீய்ச்சியடித்தது, பலகைத் தரை வழுக்கியது. அவனோ கொட்டகைக்கு வெளியே கத்தியைப் புல்லில் துடைத்து உறையில் செருகிக்கொண்டிருந்தான். ஏழு வயதில் அப்பா கத்தி கொடுக்கும்போதே, துடைக்காமல் வைக்காதே, எங்கேயும் விட்டுவிட்டு வராதே என்று அடித்துச் சொல்லித்தான் கொடுப்பார். எங்கள் ஊர்ப் பழக்கம் அது.

கத்தி உள்ளேயே இருந்திருந்தால் ஆஸ்பத்திரி வரை உயிர் தாங்கியிருக்கும் என்று கோர்ட்டில் டாக்டர் சொன்னார். ஊர் அதைத்தான் மன்னிக்கவில்லை. நானும்தான். குத்தியது ஆத்திரம், உருவியது என்ன? ஜெயிலிலிருந்து வந்தவனுக்கு சூப்பும் ரொட்டியும் வைத்தபடியே, "ஏண்டா உருவினே?" என்று எத்தனையோ தடவை கேட்டேன். அவன் ரொட்டியைச் சூப்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருப்பான்.

கொலை நடந்து முப்பத்திரண்டு வருடம் கழித்து, ஸ்வீடனுக்குப் போய்விட்ட ரெய்னோ திரும்பி வந்தான். பட்டப்பகல். தைஸ்தோ முற்றத்தில் சவுனா நீராவிக் குளியலுக்கு விறகு பிளந்துகொண்டிருந்தான். வந்தவன் நேராகப் போய் அவனை முஷ்டியால் குத்தினான். முதல் குத்தில் மூக்கு உடைந்தது, அடுத்ததில் பல் போனது. கீழே விழுந்தவனை விலாவிலேயே மிதித்தான். தைஸ்தோ கையைக்கூடத் தூக்கவில்லை. நான் பிர்ச் மர விறகால் ரெய்னோவின் முதுகில் ஓங்கிப் போட்டேன். என்னைத் தள்ளிவிட்டுக் கோடாலியை எடுத்தான்.

"அந்தப் பதினாறு வயசு நாய் இப்ப உன் முன்னாடி நின்னா என்னடா சொல்லுவே? சொல்லிட்டுச் சாவு!"

தைஸ்தோ ரத்தத்தைத் துப்பினான். "குத்தாதேன்னு சொன்னா கேக்க மாட்டான். திமிர் பிடிச்சவன், எனக்குத் தெரியாதா? குத்தினப்புறம் எவன் கத்தினாலும் உருவாதேடான்னு சொல்லுவேன்."

"யாருடா கத்தினது?" என்று கேட்டது நான்.

தைஸ்தோ தரையைப் பார்த்தான். ரெய்னோ கோடாலியைத் தாழ்த்தி என் பக்கம் திரும்பினான்.

"நான்தான், ஹில்க்கா. 'எடுடா உன் கத்தியை, என் தம்பி உடம்புலேர்ந்து எடுடா'ன்னு நான்தான் கத்தினேன். இவன் உடனே எடுத்துட்டான். கோர்ட்டுல சொல்லுவான், இன்னிக்குச் சொல்லுவான், நாளைக்குச் சொல்லுவான்னு காத்துக் கெடந்தேன். ஏண்டா சொல்லல, பாவி?"

"கோர்ட்டுல உன் அம்மா முன்வரிசையில இருந்தாங்க," என்றான் தைஸ்தோ.

கோடாலி கீழே விழுந்தது. எனக்கு வந்த ஆத்திரம் யார் மேல் என்று இன்றும் தெரியவில்லை. கையிலிருந்த விறகால் இரண்டு பேரையும் மாறி மாறி அடித்தேன். அடிக்க அடிக்க அழுதேன். இருவரும் தடுக்கவே இல்லை.