முடியும் நாள் இல்லாத விரதம்

தென்காசியில் குழல்வாய்மொழியை விரதக்காரி என்றே சொன்னார்கள். 1958இல் ஆடி வெள்ளிக்குப் பட்டினி கிடந்தவள், அடுத்த மாதம் செவ்வாயையும் சேர்த்துக்கொண்டாள். பிறகு சஷ்டி, கார்த்திகை, பிரதோஷம். இரண்டே வருடத்தில் அவள் சோறு உண்ணும் நாள் அபூர்வமாகிவிட்டது.

கணவன் சங்கரபாண்டிக்கு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் வேலை. "எங்க வீட்ல அவ பச்சத்தண்ணிகூட பல்லுல படாம இருப்பா" என்று வருகிறவர்களிடம் சொல்வான். கல்யாணமாகி வந்த அன்று, "பொண்ணு கட்டினியா, நெல்லு மூட்டையத் தூக்கிட்டு வந்தியாலே?" என்று கேலி பேசிய தெரு, இப்போது அவளைக் கும்பிட்டது. பிறந்ததிலிருந்து எதற்கும் பாராட்டு வாங்காதவள் அவள். முதலில் அந்தக் கும்பிடு போதுமானதாக இருந்தது. பிறகு அதுவும் போதவில்லை. பக்தி என்று பெயர் வைத்துவிட்டால் மெலிவதைக்கூட யாரும் பார்ப்பதில்லை.

1961 சாரல் காலத்தில் குற்றாலத்தில், பெண்கள் குளிக்கும் பக்கம் மயங்கி விழுந்தாள். ஈரச் சேலையை மாற்றிவிட்ட நாத்தனார் ஆவுடைத்தாய், அவள் முழங்கைக்கு மேலே பழையதும் புதியதுமாகக் காயங்களைக் கண்டாள்.

"ஏட்டி, இது என்னது?"

"அடுப்படியில பட்டுட்டு, மதினி."

"அடுப்பு உன்னைய மட்டும் தேடி வருதாக்கும்?"

ஆஸ்பத்திரியில் நர்ஸ் தங்கபுஷ்பம் கிறிஸ்தவப் பெண். இந்த விரதங்களின் கணக்கு அவளுக்குத் தெரியாது. எப்போது கஞ்சி கொடுக்கலாம் என்று அறியவே கேட்டாள்: "உங்க விரதம் என்னைக்கு முடியுது?"

சங்கரபாண்டி பதில் சொல்ல வாயெடுத்தான். நாள் தெரியவில்லை. எந்த விரதத்துக்கும் முடிக்கிற நாள் ஒன்று உண்டு என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"முடியாது, சிஸ்டர்" என்றாள் குழல்வாய்மொழி. "இது சாமிக்கு இல்ல."

"அப்ப கையில இருக்கிற காயம்?" என்றாள் நர்ஸ்.

"அது சாப்பிட்டுட்ட நாளைக்கு."

டாக்டர் இரத்த சோகை என்று எழுதி டானிக் கொடுத்தார். மற்றதற்கு அவரிடம் பெயர் இல்லை.

மறுநாள் காலை வீட்டில் சங்கரபாண்டி கஞ்சியை ஆற்றிக் கொண்டுவந்தான்.

"குடிக்கேன். குடிச்ச பொறவு என் ரெண்டு கையையும் பிடிச்சிக்கிடணும். விட்டுரக் கூடாது."

"எம்புட்டு நேரம்?"

"தெரியலையே."

அரை டம்ளர் குடித்தாள். அவன் பிடித்துக்கொண்டான். கடை திறக்கும் நேரம் கடந்துபோயிற்று. அவள் கைகள் இன்னும் இழுத்துக்கொண்டேயிருந்தன.