ஆறு கிலோமீற்றர் ஏற்றத்துக்கு ஒரு ஸ்னோமொபில்

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி நாற்பதுக்குச் சப்பாத்தில், பனிக்குள் கால் புதையாமலிருக்கப் பனிவலைகளைக் கட்டிக்கொண்டு எங்கள் மலை உணவகத்தை விட்டு இறங்கினேன். உயரம் 1,830 மீற்றர். கீழே ஊருக்கு ஆறு கிலோமீற்றர். கோடையில் கார் வரும் பாதைதான். நவம்பர் முடிவில் அதை மூடினால் மே வரை திறக்க மாட்டார்கள். அந்த ஐந்தரை மாதமும் அரிசி, பால், காஸ் சிலிண்டர், குப்பை எல்லாம் பனிமேல் ஓடும் ஸ்னோமொபிலில்தான் ஏறி இறங்கும். எங்களுடைய ஸ்னோமொபில் ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. திருத்துகிற காசுக்கு இன்னொன்று வாங்கலாம் என்று ஊர் மெக்கானிக் கையை விரித்துவிட்டார்.

வியாழன் மாலையிலிருந்து கடும் பனி என்று வானிலை அறிக்கை சொன்னது. சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு இருபத்திரண்டு பேர் பதிவு செய்திருந்தார்கள். என்னிடம் இருந்தது மூன்று நாள்.

இதைப் படிக்கிற பலருக்கு ஸ்னோமொபில் என்றால் பனியில் பறந்து விளையாடுகிற சாமான். சுவிஸில் அப்படி இல்லை. பொழுதுபோக்குக்கு ஓட்டத் தடை. எங்களைப் போல மலையில் தொழில் செய்கிறவர்களுக்கு, குறிப்பிட்ட ஒரு பாதைக்கு மட்டும் அனுமதி கொடுப்பார்கள். நான் பார்த்த மூன்று வண்டிகளையும் நிறத்தால்தான் சொல்லப்போகிறேன். கம்பெனிப் பெயர் போட்டால் எந்தக் கார் நல்லது என்று கார் வைத்திருக்கிறவர்கள் சண்டை பிடிப்பதுபோல ஆகிவிடும்.

என் கணவர் தாசன் கதவடியில் நின்றார். நாங்கள் இருவரும் மன்னார் ஆட்கள். ஷ்லீரன் நகரத்தில் அவர் ஒரு கன்ரீனிலும் நான் முதியோர் இல்லத்திலும் பல வருடம் வேலை செய்துவிட்டு, மூன்று வருடங்களுக்கு முன்பு இந்த உணவகத்தைக் குத்தகைக்கு எடுத்தோம். சமையல் அவர். வண்டி நான்.

"மலிவாப் பாத்து ஒண்டை எடும் ஜெசி. புதுசு எங்களுக்குச் சரிவராது," என்றார்.

"பாக்கிறன்."

"கவனமாப் போம்."

அவர் வலது கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். போன பெப்ரவரியில் அந்தக் கையில் கொதி எண்ணெய் ஊற்றுப்பட்டது. அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நான் இறங்கும்போது ஊருக்கு இரண்டு கிலோமீற்றர் இருக்க வண்டி பாதையோரப் பொடிப்பனிக்குள் புதைந்தது. என்னால் அதைத் தூக்கி எடுக்க முடியவில்லை. மூடுபனியில் ஹெலிகொப்டரும் வரவில்லை. ஈரத்துணி சுற்றிய கையோடு அவர் நடந்தே இறங்கினார். அதற்குப் பிறகு அவர் அந்த வண்டியில் ஏறவே இல்லை. அதைப் பற்றி நாங்கள் கதைப்பதும் இல்லை. எனக்கு அன்றிலிருந்து ஓரிடத்தில் இருக்க முடியாது. இருந்தால் கால் ஆடும்.

ஊரிலிருந்து போஸ்ட் பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடம் கூப்லிஸ். அங்கிருந்து சிவப்பு ரயிலில் லாண்ட்குவார்ட், பிறகு கூர் நகரம். ரயிலில் இடம் இருந்தும் கதவடியில் நின்றேன். கைபேசியில் வானிலையை எத்தனை தரம் பார்த்தேனோ தெரியாது. பார்த்தால் குறையும் என்பதுபோல.

பிற்பகல் ஒரு மணிக்குக் கூரில் முதல் வியாபாரி. முப்பது வயது இருக்கும். நல்ல பல். லென்சர்ஹைடேப் பக்கம், பரீட்சித்துப் பார்க்க அனுமதி எடுத்த ஒரு விவசாயியின் நிலத்துக்குத் தன் வேனில் கூட்டிப்போனார். மஞ்சள் வண்டி. புதியது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின், நூற்றைம்பது குதிரைச் சக்திக்கு மேல், எடை 235 கிலோ, விலை 19,800 பிராங்.

"உங்கள் கணவர் எப்போது ஓட்டிப் பார்க்க வருவார்?" என்று கேட்டார்.

"அவர் வரமாட்டார். ஓட்டுவது நான்தான்."

அவர் சாவியை என்னிடம் தருவதற்கு முன் ஒரு கணம் யோசித்தது தெரிந்தது. வண்டியோ யோசிக்கவில்லை. விசையை அழுத்தியதும் வயிறு பின்னால் தங்கிவிட்டது. எங்கள் பழையது மூச்சு வாங்கி ஏறும் சரிவு போன்ற ஒன்றில் இது விசில் அடித்துக்கொண்டு ஏறியது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்பத்திரண்டு வயதில் தனியாக ஒரு வயலில் சத்தம் போட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு அதை நேராகப் பொடிப்பனிக்குள் திருப்பி, விசையை விட்டு, புதைய விட்டேன்.

வியாபாரி கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். "அங்கே போகக் கூடாது! நான் இழுக்கிறேன்!"

"வேண்டாம். தயவுசெய்து நீங்கள் தொட வேண்டாம். நேரத்தை மட்டும் பாருங்கள்."

வரும் வழியில் ரயில் கதவடியில் நின்றபோதுதான் இந்த யோசனை வந்தது. ஓடுகிற வண்டியைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். நின்ற வண்டியை நான் தனியாக எடுக்க முடியுமா என்பதை நான்தான் பார்க்க வேண்டும். சிறு மண்வெட்டியால் தோண்டினேன். முன்னால் உள்ள சறுக்குக் கட்டையைப் பிடித்து இழுத்தேன். வண்டி இலேசுதான், ஆனால் அதன் அடியில் சுழலும் நாடா ஒடுங்கலாக இருந்ததால் விசை கொடுக்கக் கொடுக்கக் கிணறு தோண்டிக்கொண்டு கீழே போனது. நாற்பத்தெட்டு நிமிடத்தில் கைவிட்டேன். அவரும் நானும் சேர்ந்து கயிறு போட்டு இழுத்தோம். "உங்கள் வேலைக்கு இது இல்லைப் போல," என்று அவரே மெதுவாகச் சொன்னார். நல்ல மனுசன். என்னைத் திரும்ப ஸ்ரேஷனில் விட்டார்.

அன்றிரவு வின்டர்தூரில் தங்கை வீட்டில் படுத்தேன். புதன் காலை எட்டு மணிக்கெல்லாம் வில் என்ற ஊர் வழியாக வாட்வில் போய்ச் சேர்ந்தேன். அங்கே ஒரு விவசாய இயந்திரக் கடை. கோடையில் புல்வெட்டி, குளிர்காலத்தில் ஸ்னோமொபில். உள்ளே நின்ற மெக்கானிக் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டார்.

"புள்ள நீங்கதானா போன் எடுத்தது? நான் சுவிஸ்காரப் பொம்பிள எண்டு நினைச்சன்."

பெயர் குணம். மட்டக்களப்பு. இந்தப் பட்டறையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை. முதலாளி சந்தைக்குப் போயிருந்ததால் அவரே சிவப்பு வண்டியை ட்ரெய்லரில் ஏற்றி ஒரு சரிவுக்குக் கொண்டுவந்தார். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின், அகன்ற நாடா, பின்னோக்கி ஓடும் கியர், எடை 330 கிலோ, விலை 18,400.

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. இதை வாங்கலாமோ?"

"நான் சொன்னா என்ர முதலாளிக்காகச் சொல்ற மாதிரிக் கிடக்கும். நீங்களே ஓடிப் பாருங்க."

மஞ்சளுக்குப் பிறகு இது எருமை மாடு. மெதுவாகக் கிளம்பியது. இழுவைச் சறுக்குவண்டியில் நூற்றைம்பது கிலோ மணல் மூட்டை ஏற்றிக் கொடுத்தார். அதோடும் அதே வேகத்தில் ஏறியது. எஞ்சினைத் தாண்டி என் குரல் எனக்குக் கேட்டது. பொடிப்பனிக்குள் விட்டேன். புதையவில்லை. திரும்ப விட்டேன். மிதந்துகொண்டு போனது. கடைசியில் ஒரு வாய்க்கால் பள்ளத்துக்குள் வேண்டுமென்றே மூக்கைக் குத்தினேன்.

குணம் அண்ணை பதறவில்லை. கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"ஏன் புள்ள இப்பிடிச் செய்யிறீங்க?"

தோண்டிக்கொண்டே சொன்னேன். பெப்ரவரியை, எண்ணெயை, அந்த இரண்டு கிலோமீற்றரை. யாருக்கும் சொல்லாததை முன்பின் தெரியாத ஒருவருக்கு மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினெட்டு நிமிசம். இன்னும் முன்னுக்குத் தோண்டாதீங்க, பின்னுக்குத் தோண்டுங்க. ரிவேர்ஸ் கிடக்கு."

முப்பத்தொரு நிமிடத்தில் பின்பக்கமாக வெளியே வந்தேன். முதுகு பிளந்துவிடும்போல இருந்தது.

"பாரம்," என்றார். "அதுதான் இதிர குறை. கவிண்டா நீங்க தனியாத் தூக்கேலா. ஆனா விடியக்காலமை மைனஸ் இருபதிலயும் பட்டனை அமத்தினா எழும்பும். எஞ்சின் பெல்ட் அறும், மேலதிகமா ஒண்டு எப்பவும் சீற்றுக்குக் கீழ வச்சிருக்க வேணும். பெல்ட் மாத்த நான் காட்டித் தாறன்."

மாற்றிக் காட்டினார். பிறகு என்னை மாற்றச் சொன்னார். ஏழு நிமிடம் எடுத்தேன்.

ஆனாலும் 18,400. தாசனுக்குப் போன் எடுத்தேன். மேலே உணவகத்தில் ஜன்னலடியில் நின்றால்தான் அவருக்குச் சிக்னல் கிடைக்கும்.

"அந்தக் காசில ஒரு வருசம் வீட்டுச் செலவை ஓட்டலாம். நாளைக்கு, விளம்பரத்தில கண்ட அந்தப் பழைய வண்டியையும் பாத்திட்டு வாரும்," என்றார். "மா முடியப் போகுது. நான் சமாளிக்கிறன்."

வேறு எதையோ சொல்ல வந்து அதைச் சொன்னார் என்று பட்டது.

புதன் மாலை எங்கள் ஊருக்கே திரும்பி, எங்களுக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரம்மா வீட்டில் தங்கினேன். அங்கிருந்து பார்த்தால் மேலே எங்கள் உணவகத்து விளக்கு தெரியும். நட்சத்திரத்தை விடச் சற்று மஞ்சளாக, அசையாமல்.

வியாழன் காலை கூப்லிஸிலிருந்து ரயில், வெரைனாச் சுரங்கம், அந்தப் பக்கம் எங்கடின் பள்ளத்தாக்கு. செர்னெட்ஸில் இறங்கியபோது பத்தரை. வானம் வெள்ளைத் தகரமாக இருந்தது.

மூன்றாவது வண்டி கறுப்பு. எட்டு வருடப் பழசு, 260 கிலோ, விலை 8,500. ஸ்கி லிப்டில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவர் விற்கிறார். இடுப்பு சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஓட்ட முடியாதாம். ஊன்றுகோலோடு முற்றத்தில் காத்திருந்தார். வண்டி துடைத்து மினுங்கியது. எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை ஒரு இழுவை இழுத்தார். உடனே பாடியது.

ஓட்டினேன். புதைத்தேன். பன்னிரண்டு நிமிடத்தில் தனியாக வெளியே எடுத்தேன்! பத்தாயிரம் பிராங் மிச்சம். தாசனுக்குச் சொல்லப் போனை எடுத்தபடியே திரும்பி வந்து, வண்டியை விட்டு இறங்கும்போதுதான் அது உறைத்தது. காலையில் நான் வந்து முதன்முதல் மூடியில் கை வைத்தபோதே எஞ்சின் சூடாக இருந்தது; எனக்கு முன்பே யாரோ அதை ஓட விட்டிருந்தார்கள்.

"இது ஆறும்வரை இருந்து, மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும்," என்றேன்.

அவர் முகம் மாறியது. "உங்களுக்கு ரயில் தவறிவிடும்."

"தவறட்டும்."

ஒன்றரை மணித்தியாலம். அவர் உள்ளே வந்து இருக்கச் சொன்னார். என்னால் முடியவில்லை. முற்றத்தை நீளமாகவும் அகலமாகவும் நடந்தேன். மேற்கே மலை உச்சிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஒரு தரம் எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது. பன்னிரண்டு நிமிடத்தில் வெளியே வந்த வண்டி, மலிவான வண்டி, இதைவிட என்ன வேண்டும்? வாங்கிக்கொண்டு போயேன் என்று மனம் பிடுங்கியது. கிழவர் ஜன்னலுக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டே முக்காலுக்குக் கயிற்றை நானே இழுத்தேன். ஒன்றுமில்லை. பத்துத் தரம், பதினைந்து, இருபது. தோள்மூட்டு கழன்றுவிடும் போலானது. அவர் ஊன்றுகோலை ஊன்றி வெளியே வந்தார்.

"குளிர்ந்தால் எழும்பாது. டிசம்பரிலிருந்து இப்படித்தான்," என்றார். "மன்னித்துக்கொள்ளுங்கள். இதை வாங்க வேறு யாரும் வரவில்லை."

கோபம் வரவில்லை என்றால் பொய். மேலே என் கணவர் தனியாக இருக்கிறார் என்று கத்திவிட்டேன். அவர் தலையைக் குனிந்து நின்றார். பிறகு தன் காரில் என்னை ஸ்ரேஷனுக்குக் கொண்டுபோனார். இறங்கும்போது கடதாசியில் சுற்றிய அக்ரூட் கேக் ஒன்றை மடியில் வைத்தார். வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லை.

மேடையில் நின்று வாட்வில்லுக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, சிவப்பை இண்டைக்கே கொண்டுவர ஏலுமோ?"

ஒரு நிமிடம் முதலாளியோடு கதைக்கும் சத்தம் கேட்டது.

"நாலரைக்கு உங்கட ஊரில நிப்பன். முதலாளி இப்போதைக்குக் கடை நம்பர் பிளேட்டோட விடச் சொல்றார். கடதாசி வேலை திங்கக்கிழமை பாப்பம்."

தாசனுக்குச் சொன்னேன். விலையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "வாரும்," என்றார்.

மூன்று மணிக்குப் பனி தொடங்கியது. நாலரைக்கு வரவேண்டிய ட்ரெய்லர் ஐந்துக்கு ஐந்து இருக்க வந்தது. குணம் அண்ணையின் தொப்பி வெள்ளையாக இருந்தது. மா, பால், காஸ் எல்லாம் ஏற்றிக் கட்டினோம். அக்ரூட் கேக்கில் பாதியை வெட்டி அவருக்குக் கொடுத்தேன். மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு ரிங் விடச் சொன்னார். முன்விளக்கில் பனி நேராக என் முகத்துக்கு வந்தது. ஆறு கிலோமீற்றர், முப்பத்தெட்டு நிமிடம். எஞ்சின் ஒரு தரமும் இருமவில்லை. தாசன் வாசலில் டோர்ச்சோடு நின்றார். சாமான்களை இறக்கினோம். நான் ரிங் விட்டேன். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை நாற்பத்தைந்து சென்ரிமீற்றர் புதுப்பனி. சனிக்கிழமைக்கு இறைச்சி எடுக்க நான் இறங்க வேண்டும். தலைக்கவசம் போடும்போது தாசன் தடித்த ஜக்கெற்றோடு வந்தார்.

"நானும் வாறன்."

நான் பின்னால் இடம் விட்டு முன்னுக்கு நகர்ந்தேன்.

"இல்லை," என்றார். "நான் ஓடிப் பாக்கட்டோ? நீர் பின்னுக்கு இரும்."

இரண்டாவது வளைவு வரை நன்றாகத்தான் ஓட்டினார். வளைவில் உள்பக்கம் இறங்கி, வேலிக்கட்டைக்குப் பக்கத்தில் இடுப்பளவு பனிக்குள் மூக்கைக் குத்தினார். எஞ்சினை நிறுத்தினார்.

"ஸொறி ஜெசி."

"பின்னுக்குத் தோண்டும். ரிவேர்ஸ் கிடக்கு."

அவர் கையுறையோடு மண்வெட்டியைப் பிடித்தார். வலது கைப்பிடி இன்னும் சரியாக இறுகாது. இடது கையால் தள்ளி, வலது கையால் தாங்கித் தோண்டினார். நான் மற்றப் பக்கம் தோண்டினேன். பிறகு அவர் சறுக்குக் கட்டையைத் தூக்க, நான் பின்னோக்கி விசை கொடுத்தேன். 330 கிலோ மெல்ல அசைந்து மேலே வந்தது.

மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்பது நிமிடம்.

மூன்று நாள், ஐந்து ரயில் பாதை, மூன்று வண்டி. எல்லாவற்றையும் நான் ஒருத்தியாகவே அளந்திருந்தேன். தாசன் முழங்கால் வரை பனியில், மூச்சு வாங்கியபடி, வண்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்த்தார்.

"நல்ல சாமான்தான்," என்றார். "ஆனா பாரம்."

"ஓம். பாரம்."

அவர் திரும்ப முன்னால் ஏறினார். நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். ஊர் வரை என் கால் ஆடவில்லை.