நத்தை அக்கா அமுக்கிய ரப்பர்

நத்தை அக்கான்னு பேரு வந்ததே வேலையாலதான். பத்தொன்பது வருஷமா ஒரே சோதனைக்கூடம், ஒரே அமுக்கு மெஷின். ரப்பர் துண்டை வெச்சு அமுக்கி, அது எவ்வளவு எதிர்த்து நிக்குதுன்னு எழுதணும். ரெண்டு தடவை துடைப்பாங்க, நாலு தடவை அளப்பாங்க. துண்டு வெட்டித் தர்றவ நான். மயிரிழை கூடினாலும் எனக்குத் திட்டு விழும். அவங்க எழுதின எண்ணைத் தப்புன்னு ஒருத்தரும் சொன்னதில்லை.

முதல்ல அப்படிச் சொன்னவன் எங்க மேனேஜர்தான். ஹெல்மெட்டுக்குள்ள வைக்க ஒரு புது ரப்பர் வந்துது, திரவப் படிக ரப்பராம். உள்ளே குட்டிக் குச்சிங்க மாதிரி மூலக்கூறுகள். மெதுவா அமுக்கினா அதுங்க திரும்பிப் படுத்து வழி விடும், பஞ்சாட்டம் இருக்கும். சடார்னு அமுக்கினா திரும்ப நேரம் கிடைக்காது, விறைச்சுக்கும்; அப்புறம் அடி நேரா தலைக்குத்தான் போகும். அக்கா ரெண்டு வேகத்துலயும் அவன் கண்ணு முன்னாடியே அமுக்கிக் காட்டினாங்க. வேகமா அமுக்கினப்போ எண் எட்டு மடங்கு. "ஒரே ரப்பருக்கு ரெண்டு எண்ணா? உனக்குக் கை நடுங்குது"ன்னு சொல்லி, அறிக்கையில வேகமா அமுக்கின வரிசையையே அடிச்சுட்டான், பாவி. அக்காவைக் கிடங்குக்குத் துரத்தினான். பக்கத்துல நின்ன நான் வாயே திறக்கல. என் வேலை எனக்கு முக்கியம்.

ஏழு மாசம் கிடங்குல பெட்டி அடுக்கினாங்க. மதியம் சேர்ந்துதான் சாப்பிடுவோம். "இருடி, அவன் மூக்கை உடைக்காம விடமாட்டேன்"னு பல்லைக் கடிப்பாங்க. "விடாதீங்கக்கா"ன்னு நானும் ஏத்திவிடுவேன்.

போன வாரம் ஹெல்மெட் கம்பெனி அம்மா சோதனையை நேர்ல பார்க்கணும்னு வந்து நின்னுட்டாங்க. மெஷினை ஒழுங்கா ஓட்ட வேற ஆள் இல்ல. அந்தாளு அக்காவை வரவழைச்சு, "மெதுவா மட்டும் அமுக்கு"ன்னு காதுல சொன்னான். எனக்கும் கேட்டுது.

அக்கா மெதுவாவே அமுக்கினாங்க. அறிக்கையில இருந்த எண்ணே வந்துது. அந்தம்மா சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தாங்க.

"ஒரு நிமிஷம்மா. வண்டியிலேர்ந்து விழறவன் இவ்வளவு மெதுவாவா விழுவான்?"

பதிலுக்குக்கூட அக்கா நிக்கல. வேகத்தை ஏத்தி இன்னொரு துண்டை அமுக்கினாங்க. திரையில கோடு விருட்டுனு எகிறிடுச்சு. அந்தாளு மூஞ்சியில ஈயாடல. அப்பாடா, எனக்கு வயிறு குளுகுளுன்னு இருந்துது!

"சத்தியமா எனக்கே இப்பதான் தெரியும்மா"ன்னு குழைஞ்சான்.

"பொய். ஏழு மாசம் முன்னாடியே இவருக்குச் செஞ்சு காட்டினேன்"னாங்க அக்கா. விரல் என் பக்கம் திரும்புச்சு. "இவளும் நின்னா. கேளுங்க."

"ஆமாம்மா, நான் பார்த்தேன்!" முந்திக்கிட்டு சொன்னேன்.

அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க. "இது தலையில மாட்டுற சாமான்னு தெரியும்ல? அப்போ நீ ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

அக்கா காப்பாத்துவாங்கன்னு அவங்களைப் பார்த்தேன். அவங்களோ கையைக் கட்டிக்கிட்டு என் பக்கம் திரும்பிக் கேட்டாங்க:

"ம், சொல்லு. எனக்கும் அது தெரியணும்."