இடைவேளை வரைக்கும் கதாநாயகன்

என் வீட்டுக்காரருக்கு எங்கள் குடியிருப்பில் 'இடைவேளை' என்று பட்டப்பெயர். வைத்தது வேறு யாருமில்லை, என் நாத்தனார், இவருடைய சொந்த அக்கா. வெளிநாட்டு சூப்பர் ஹீரோ படங்களுக்கு நம் மொழியில் குரல் கொடுப்பது இவர் வேலை. எந்தப் படத்திலும் இடைவேளையைத் தாண்டி இவர் உயிரோடு இருந்ததில்லை. கதாநாயகனின் அப்பா, சித்தப்பா, வாத்தியார் என்று யாராவது ஒரு நல்லவர் செத்தால்தானே அந்த சூப்பர் ஹீரோக்களுக்கு ரோஷம் வரும்? அந்தச் சாவையெல்லாம் இவர் தலையில் கட்டிவிடுவார்கள். "சாகற குரல்னா சார்தான், அடிச்சுக்க ஆளே இல்ல" என்று டப்பிங் மேனேஜர் பாராட்டாகவே சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குளியலறையில் ஒரு மனுஷன் செத்துச் செத்து ஒத்திகை பார்ப்பதைக் கேட்டபடியே இத்தனை வருஷம் சமைத்தவளுக்கு வேறு என்ன வரும்?

போன வருஷம் எங்களுக்கும் விடிந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற ஒருவன் எப்படி சூப்பர் ஹீரோ ஆனான் என்று ஒரு படம். அந்த லிஃப்ட்காரனுக்கே இவர் குரல். "முழுப் படமும் நீங்கதான் சார். கடைசியில திரையில உங்க பேரும் வரும்" என்றார் மேனேஜர். போனை வைத்துவிட்டு இவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "இந்தத் தடவை நான் சாகல."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் மகளுக்கு உடனே சொன்னோம். "அப்பா, பேர் வர்ற வரைக்கும் தியேட்டர்ல சீட்டை விட்டு எந்திரிக்கக் கூடாது, ஆமா" என்று அவள் அங்கிருந்தே மிரட்டினாள்.

அந்த லிஃப்ட்காரனோடு இவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. திரையில் அவன் வாய் திறக்கும்போது இவர் திறக்க வேண்டும், அவன் மூடும்போது மூட வேண்டும். அரை விநாடி பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து. ஒரே ஒரு வசனத்துக்கு மட்டும் ஒத்திகை தேவைப்படவில்லை. பழுதான லிஃப்டுக்குள் பட்டினியாக மாட்டிக்கொண்டவன், தன் அம்மாவுக்கு போன் செய்து, "சாப்டேம்மா, இப்பதான் சாப்டேன்" என்பான். ஸ்டுடியோவில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் நின்றுகொண்டு இவர் போனில் எங்களிடம் சொல்லும் பொய் அது. முடிக்கும்போது குரல் லேசாக மேலே ஏறும். எனக்கும் மகளுக்கும் அது அத்துப்படி.

முதல் நாள் பகல் காட்சிக்குப் போனோம். வாசலில் பெரிய போஸ்டர். அதில் ஒரு பிரபல நடிகரின் முகம், கீழே 'இவரது கம்பீரக் குரலில்' என்று கொட்டை எழுத்து.

"என்னங்க இது?"

"விளம்பரத்துக்குப் போட்டிருப்பாங்க. பேசினது நான்தானே" என்றார் இந்த அப்பாவி.

முதல் பாதியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தனை நன்றாக இருந்தது. லிஃப்ட் வேலை பார்க்கிறவனுக்கு உயரம் என்றால் பயம். முதலாளியிடம் திட்டு வாங்குகிறான். கண் மங்கிய அம்மாவுக்கு மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்கிறான். உடம்பில் மின்சாரம் பாய்ந்து சக்தி வந்த பிறகும், கதவைத் திறக்கப் போய்க் கைப்பிடியைப் பிடுங்கிவிட்டு, வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா என்ன சொல்வாளோ என்று நடுங்குகிறான். வழக்கம்போல ஒரு அப்பா செத்தார், ஆனால் வேறு யாருடைய குரலிலோ செத்தார். நான் இவர் கையைக் கிள்ளினேன். "சாப்டேம்மா" வந்தபோது முன் வரிசைப் பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இடைவேளை விளக்கு எரிந்ததும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "தாண்டிட்டேன் பாத்தியா?" என்றார்.

பாவி மனுஷன், வாயை வைத்திருக்க வேண்டாம்.

மறுபாதி தொடங்கியதும் லிஃப்ட்காரன் முகமூடி போட்டான். பேசினான். தகரத்தை இழுத்தது போல வேறு ஒரு குரல்.

"யாருங்க இது?"

இவர் திரையையே உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாக, "முகமூடி போட்டா வாய் தெரியாது. உதடு ஒத்துப்போக வேணாம். யார் வேணா பேசிடலாம்" என்றார்.

அப்படியானால் அந்த நடிகர் ஒரு நாள் காலையில் வந்து, காபி குடித்துக்கொண்டே பேசிவிட்டுப் போயிருப்பார். இவர் பேசி வைத்த பாதியைத் தூக்கிக் கடாசிவிட்டார்கள். சொல்லவாவது செய்தார்களா?

அதன் பிறகு வந்தது படமா, கண்றாவி! கட்டடம் கட்டடமாக இடிகிறது, ஆனால் உள்ளே இருந்தவர்களுக்காக ஒரு ஜீவன் அழவில்லை. வில்லன் ஊரை ஏன் அழிக்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. காதலிக்குக் கத்துவதைத் தவிர வேலையில்லை. அந்தக் கண் மங்கிய அம்மாவை மறுபடி காட்டவே இல்லை. அவளுக்கு மருந்து எடுத்துக் கொடுத்தது யார்? மகன் பறந்துகொண்டிருக்கிறான். கடைசி வரை முகமூடியைக் கழற்றாமல், அடுத்த பாகத்தில் பார்க்கலாம் என்று முடித்துவிட்டார்கள். கோபத்தில் சொல்கிறேன் என்பீர்கள். கோபம்தான், ஆனால் அத்தனையும் நிஜம்.

துடைப்பத்தோடு ஆள் வரும் வரை உட்கார்ந்து பெயர்களைப் பார்த்தோம். வண்டி ஓட்டியவர் பெயர் வந்தது, டீ கொடுத்தவர் பெயர்கூட வந்தது. குரல் என்ற இடத்தில் அந்த நடிகர் பெயர் மட்டும்.

வெளியே மழை. ஒதுங்கி நின்ற இடத்தில் அந்த முன் வரிசைப் பெண்ணும் அவள் கணவரும் நின்றார்கள். "ஒரே ஆளு, முதல்ல அப்பாவியா பேசுறாரு, அப்புறம் சிங்கம் மாதிரி பேசுறாரு. என்னா குரல்!" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"முதல் பாதி பேசினது இவருங்க. என் வீட்டுக்காரர்."

இருவரும் இவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். "அப்படியா சார்? எங்க, ஒரு தடவை பேசிக் காட்டுங்க."

இவர் மறுத்தார். நான் விலாவில் இடித்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார்: "சாப்டேம்மா, இப்பதான் சாப்டேன்."

அவள் கைதட்டினாள். "அச்சு அசல் அவரேதான்! எவ்ளோ நாளா சார் மிமிக்ரி பண்றீங்க?"

நான் வாயைத் திறந்தேன். இவர் என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "கொஞ்ச நாளாதாங்க" என்றார்.

பஸ் நிறுத்தத்துக்கு வருவதற்குள் மகளின் போன் வந்துவிட்டது. மழைச் சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, பேர் வந்துச்சா?"

"வந்துச்சும்மா, இப்பதான் பாத்தோம்."



"அப்பா, இது நீங்க சாப்டேன்னு சொல்ற குரல்" என்றாள் மகள். "அம்மாகிட்ட போனைக் குடுங்க."