போலீஸ் வந்து நின்ற மதியம்

அமெரிக்காவின் பர்மிங்ஹாமில் எனக்கு எதிர்வீடு எர்னஸ்டீன் டாலிவர். பள்ளிக்கூடச் சமையலறையில் பத்தொன்பது வருட வேலை. தாய் தகப்பன் போனபின் தம்பி கிளீவனை வளர்த்தவள் அவள்தான். முப்பது வயதில் அவனுக்குக் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. "ஜெபம் பண்ணு, சரியாயிடும்" என்றார்கள் சபையில். ஜெபமும் பண்ணினாள், மாத்திரையும் கொடுத்தாள். மாத்திரையைப் பற்றி மட்டும் வெளியே மூச்சு விடவில்லை.

ஆகஸ்டில் ஒரு மதியம், கிளீவன் வாசலில் இரும்புக் கம்பியோடு நின்று கத்தினான். பயந்துபோய் போலீசுக்குப் போன் செய்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது: கறுப்புப் பையன், கையில் கம்பி. உடனே வேலையில் இருந்த எர்னஸ்டீனுக்கும் போன் செய்து சொன்னேன்.

"பெட்வே அண்ணே, புத்தி இருக்கா உங்களுக்கு? சுட்டுப் போட்ருவாங்களே!"

மனநோய்க்காரர்களுக்கு உதவ வரும் குழு ஒன்று ஊரில் உண்டு. நர்ஸோடு வருவார்கள், துப்பாக்கி இல்லாதவர்கள். அவர்களுக்குச் சொல்லிவிட்டு, சமையல் ஏப்ரனோடு ஓடிவந்தாள். ஆனால் போலீஸ்காரர்கள் இருவர் முந்திவிட்டார்கள். இருவர் கையும் இடுப்புத் துப்பாக்கிமேல் இருந்தது. எர்னஸ்டீன் தம்பிக்கு முன்னால் படியில் உட்கார்ந்து, உள்ளங்கைகளை முழங்காலில் விரித்து வைத்தாள்.

"தள்ளுங்கம்மா."

"மாட்டேன் சார். அவனுக்கு உடம்பு சரியில்ல. நர்ஸம்மா வந்துட்டிருக்காங்க."

பின்னாலிருந்து கிளீவன், "அக்கா, நீ செத்துட்டேன்னு சுவத்துக்குள்ள பேசிக்கிறாங்க" என்றான்.

அவள் திரும்பாமலே சொன்னாள்: "செத்தவ இப்படியாடா வேர்த்து நாறுவா? மோந்து பாரு."

அவன் லேசாகச் சிரித்தான். கம்பி மட்டும் இறங்கவில்லை. நான் கைகளைத் தூக்கியபடி தெருவைக் கடந்தேன். "போன் பண்ணது நான்தான் சார். அவன் யாரையும் அடிக்கல." ஒருவன் கையை இடுப்பிலிருந்து எடுத்தான். மற்றவன் எடுக்கவில்லை.

பதினான்கு நிமிஷம் கழித்து அந்தக் குழுவின் வேன் வந்தது. ரொஷெல் என்ற நர்ஸ் இறங்கி, தள்ளியே புல்லில் உட்கார்ந்தாள்.

"கிளீவன், கடைசியா எப்பப்பா தூங்குன?"

"மூணு நாளாச்சு."

கம்பி தரைக்கு வர முக்கால் மணி நேரம் ஆனது.

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். அதற்கிடையே வந்த ஞாயிறு சபையில் எர்னஸ்டீன் எழுந்தாள். "என் தம்பிக்கு மனசுல நோவு. ஜெபத்தோட மருந்தும் வேணும். எனக்கும் தூக்கம் போச்சு, நானும் டாக்டர்கிட்ட காட்டப் போறேன்." கடைசி வரிசையில் ஒருத்தி, "என் மவனுக்கும்தான்" என்று அழுதாள்.

இப்போது வியாழக்கிழமைகளில் சபையின் கீழ்த்தளத்தில் ரொஷெல் மனநோய் பற்றிப் பேசும் கூட்டம் நடத்துகிறாள். பதினேழு பேர் வருகிறோம். கிளீவன் மாத்திரையைப் பெரும்பாலும் ஒழுங்காகப் போடுகிறான், சில வாரம் மட்டும் அடம்பிடிப்பான். எர்னஸ்டீன் என்னோடு பேசுகிறாள். வீட்டுக்குள் இன்னும் கூப்பிடவில்லை.