முட்டுச்சுவரில் ஒரு அலமாரி

கண்ணாடிக்காரி என்றால்தான் தெருவில் அவளைத் தெரியும். பேராலயச் சுவரில் விரிசல் விட்ட இடங்களில் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டியிருப்பார்கள். சுவர் அசைந்தால் துண்டு உடையும். தினமும் காலையில் ஏணி போட்டு அவற்றைப் பார்ப்பதுதான் அவள் வேலை. கல்யாணமான வருஷம் சேர்ந்தவள், பேரன் பிறந்தும் விடவில்லை. ஒன்றுகூட உடைந்ததில்லை. "சும்மா பார்த்துட்டு வர்றதுக்குச் சம்பளமா?" என்று நாத்தனார் குத்திக்காட்டாத நாள் கிடையாது.

அன்று வடக்குச் சுவரில் ஒன்று இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஏணியிலிருந்து இறங்கி ஓடிப்போய்ச் சொன்னாள்.

கட்டடத்தைக் கவனிக்கிற இன்ஜினியரம்மா வந்து அண்ணாந்து பார்த்தாள். "இந்தக் கோதிக் பாணிக் கட்டடம் இப்படித்தான் அக்கா. வெளிச்சம் வேணும்னு சுவர் பூரா ஜன்னலா வெச்சுட்டாங்க. மேலே கல்கூரை சுவரை வெளியே தள்ளும். வெளிப்பக்கம் இருக்கிற முட்டுச்சுவர்தான் தாங்கிப் பிடிக்குது. இத்தனை காலமா அசையாதது இப்ப அசையுதுன்னா, அதை யாரோ நோண்டியிருக்காங்க."

கண்ணாடிக்காரிக்குத் தன் வீட்டு அடுக்களை நினைவுக்கு வந்தது. அந்த முட்டுச்சுவர்களுக்கு நடுவே பின்னாளில் குச்சு வீடுகள் முளைத்து ஒரு தெருவே ஆகிவிட்டது. அதில் ஒன்று அவளுடையது. சாமான் வைக்க இடமில்லை என்று போன மழைக்காலம் முழுக்க அவள் நச்சரித்ததில், புருஷன் அடுக்களைச் சுவராக நின்ற முட்டுச்சுவரைக் குடைந்து அலமாரி வைத்துக்கொடுத்தான். காலையெல்லாம் உள்ளே சுவரைக் காவல் காத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அதே சுவரின் விலாவில் உப்பு ஜாடியை வைத்திருக்கிறாள். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ.

வீட்டுக்கு ஓடி ஜாடிகளை இறக்கினாள். புருஷன் கையைப் பிடித்தான். "வாயைத் திறக்காதே. வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. தெருவுலதான் நிக்கணும்."

"ஆலயத்துக்குள்ளே ஜனம் உட்கார்ந்திருக்குங்க" என்றாள். அவன் கையை விட்டுவிட்டான்.

அவள் கூட்டிவந்த இன்ஜினியரம்மா அலமாரிக்குள் கையை விட்டாள். தோள்வரை போயிற்று. முகத்தில் ஈயாடவில்லை.

"இது ஒண்ணுதானே, அக்கா?" கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

கண்ணாடிக்காரிக்கு அப்போதுதான் உறைத்தது.

"இல்லம்மா. இந்த வரிசையில எல்லா வீட்லயும் இருக்கு. அவங்க வீட்ல பார்த்துட்டுத்தான் நானும் கேட்டேன்."

இன்ஜினியரம்மா உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.